கொடுப்பில் அடக்கிய கேள்வி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் கதவு, தூண், மங்குத் தட்டு, பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த மரவை ஆகியவற்றுக்கு நடுவே சில சாமான்கள் அடிக்கடி கண்ணில் படும்: வெற்றிலைப் பெட்டி, பாக்குவெட்டி, சுண்ணாம்புக் கரண்டகம், படிக்கம். இன்று இவற்றை வாங்குகிறவர் வரவேற்பறையில் வைக்க வாங்குகிறார். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் மருத்துவ வரலாற்றைத் தெரிந்தவருக்கு அந்தப் பெட்டியின் அறைகள் வேறொன்றாகத் தெரியும். வெற்றிலைக்கு ஒன்று, பாக்குக்கு ஒன்று, சுண்ணாம்புக்கு ஒன்று, புகையிலைக்கு ஒன்று. இந்த நான்கில் எது வாய்க்குள் புற்றை வைக்கிறது என்பதுதான் தமிழ்நாட்டிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் பல் மருத்துவமும் வாய் அறுவை மருத்துவமும் எதிர்கொண்ட முதல் பெரிய ஆராய்ச்சிக் கேள்வி. ஆய்வுக்கூடத்தில் எலியை வைத்து ஒன்றை நிறுவுவார்கள், பிறகு மருத்துவர் அதைக் கையாளுவார் என்பதுதான் ஆராய்ச்சி பற்றி நம் மனத்தில் உள்ள வரிசை. இந்தக் கேள்வியில் அது தலைகீழாக நடந்தது. அறுவை மருத்துவரின் கண் முதலில் கண்டுகொண்டது, கணக்கு பிறகு உறுதி செய்தது, எலி கடைசியில்தான் வந்து சேர்ந்தது. எலிக்காகக் காத்திருந்த காலத்தில் நான்கு பேரில் ஒருவரை, அதுவும் மிக முக்கியமான ஒருவரை, நாம் நீண்ட நாள் தப்பவிட்டோம் என்பது என் வாதம்.

தாம்பூலம் போடுகிற முறையை முதலில் கவனிக்க வேண்டும், ஏனென்றால் சான்றின் பாதி அதிலேயே இருக்கிறது. வெற்றிலையைத் துடைத்து, காம்பைக் கிள்ளி, நரம்பை உரித்து, முதுகுப்பக்கம் சுண்ணாம்பை விரலால் தடவி, வெட்டிய பாக்கை வைத்து மடித்து வாயில் போடுகிறார்கள். புகையிலை பழகியவர் அதன் பிறகு ஒரு துண்டைக் கிள்ளிச் சேர்த்துக்கொள்வார். கொஞ்சம் மென்றதும் சக்கையை ஒரு பக்கக் கொடுப்பில், அதாவது கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே, ஒதுக்கி அடக்கிக்கொள்வார்கள். மெல்லுகிற நேரத்தைவிட அடக்கிவைக்கிற நேரம் அதிகம். கணக்குப்பிள்ளை பேரேடு எழுதும்போதும், வண்டிக்காரர் வண்டி ஓட்டும்போதும், ஆச்சி முகப்பில் உட்கார்ந்து ஆட்களுக்கு வேலை சொல்லும்போதும் அது அங்கேயே ஊறிக்கொண்டிருக்கும். ஒவ்வொருவருக்கும் பழகிய பக்கம் ஒன்று உண்டு. சிலர் அப்படியே படுத்துத் தூங்கிவிடுவதும் உண்டு. செட்டிநாட்டு நகரத்தார் வட்டிக்கடை நடத்திய ரங்கூன், சிங்கப்பூர், கொழும்பு எல்லாமே வெற்றிலை மெல்லுகிற ஊர்கள்தாம். ஆகவே அவர்கள் போன இடமெல்லாம் பெட்டியும் கூடவே போனது, அங்கே அது புதுமையாகவும் படவில்லை. திருமணத்திலும் சீரிலும் வெள்ளியால் செய்து வைக்கிற அளவுக்கு மதிப்புப் பெற்ற பொருளைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கச் செட்டிநாட்டில் யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

முதல் சந்தேகம் சென்னையிலிருந்தும் அதற்குத் தெற்கே நெய்யூரிலிருந்தும் வந்தது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்த நிப்லாக் 1902இல் இந்தியாவில் புற்று பற்றி எழுதிய கட்டுரையில், தன் மேசைக்கு வருகிற புற்றுகளில் கன்னத்தின் உட்புறத்துக்கு இருந்த முதலிடத்தைச் சுட்டினார். இங்கிலாந்தில் படித்து வந்தவருக்கு இது விசித்திரம். அங்கே வாய்ப்புற்று என்றால் உதட்டிலும் நாக்கிலும்தான் பெரும்பாலும் வரும், குழாய்ப் புகை பிடிக்கிறவர்களுக்கு வரும். ஆறு ஆண்டுகள் கழித்து, 1908இல், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்றில் ஃபெல்ஸ் என்ற மருத்துவர் தென்னிந்தியாவில் வாய்ப்புற்றுக்குச் செய்த 209 அறுவைகளை அலசினார். மற்றொன்றில் பென்டால் என்பவர் திருவிதாங்கூரின் 1,700 புற்றுநோயாளிகளைத் தொகுத்தார். இரண்டுக்கும் அடித்தளம் லண்டன் மிஷன் 1838இல் மருத்துவப் பணி தொடங்கிய நெய்யூர். அன்று அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது, 1956இல் மொழிவழி எல்லை வகுத்தபோது கன்னியாகுமரி மாவட்டத்தோடு சென்னை மாநிலத்துக்கு வந்தது. எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல் பின்னாளில் தங்கி வேலை செய்ததும் இந்த மருத்துவமனையில்தான். 1933இல் அங்கிருந்த இயன் ஆர் லான்செட் இதழில் திருவிதாங்கூரில் பாக்கு மெல்லுகிறவர்களின் வாய்ப்புற்று பற்றி எழுதியபோது, நோயின் காரணத்தையும் திசுவின் மாற்றத்தையும் சிகிச்சையையும் ஒரே கட்டுரையில் சேர்த்துவைத்தார். அன்றைய நெய்யூரில் பெரிய ஆய்வுக்கூடம் இல்லை. கத்தி இருந்தது, நோயாளிகளின் பதிவேடு இருந்தது, கட்டி எங்கே இருக்கிறது என்று பார்க்கிற கண் இருந்தது.

அன்றும் சரி, இன்றும் சரி, இதற்கு உடனே எழுகிற மறுப்பு ஒன்று உண்டு. திருவிதாங்கூரில் எல்லோரும்தானே வெற்றிலை போடுகிறார்கள்? புற்று வந்தவர் போடுகிறார் என்று சொல்வது, புற்று வந்தவர் சோறு சாப்பிடுகிறார் என்று சொல்வதைப் போன்றதல்லவா? நியாயமான மறுப்பு. பழக்கம் எங்கும் பரவியிருக்கும்போது அதைக் காரணமென்று பிரித்தெடுப்பது கடினம். ஆனால் நோய் உட்கார்ந்திருக்கிற இடம் வேறு கதை சொல்கிறது. சோறு வாய் முழுவதும் படுகிறது, புற்றோ கொடுப்பில் வருகிறது. உடலின் எந்தப் பகுதியில் பழக்கம் அழுந்துகிறதோ அங்கேயே நோய் முளைத்தால் அதைத் தற்செயல் என்று தள்ளுவது எளிதல்ல. 1775இல் லண்டனில் பெர்சிவல் பாட் புகைபோக்கி துடைக்கிறவர்களின் விதைப்பைத் தோலில் வந்த புற்றைக் கரியோடு தொடர்புபடுத்தியது இதே முறையில்தான். காஷ்மீரில் குளிருக்கு அங்கிக்குள் நெருப்புச் சட்டியை வயிற்றோடு அணைத்துக்கொள்கிறவர்களுக்கு வயிற்றுத் தோலில் புற்று வந்தது. ஆந்திரக் கடற்கரையில் பெண்கள் சுருட்டின் எரிகிற முனையை வாய்க்குள் வைத்துப் புகைப்பார்கள், அவர்களுக்கு மேலண்ணத்தில் வந்தது. கொடுப்பு, வயிறு, அண்ணம் என்று ஒரே நாட்டில் மூன்று இடங்கள், மூன்று பழக்கங்கள். யாரும் திட்டமிடாமலே நடந்த சோதனை இது. எந்த ஆய்வுக்கூடமும் மனிதர்களை வைத்து இவ்வளவு பெரிய அளவில், இவ்வளவு நீண்ட காலத்துக்கு ஒரு சோதனையை நடத்தியிருக்க முடியாது, நடத்தவும் கூடாது.

கண் கண்டதைக் கணக்கு எடுத்துக்கொண்டது. 1955இல் பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையிலிருந்து சங்வி, ராவ், கனோல்கர் மூவரும் நோயுள்ளவர்களையும் இல்லாதவர்களையும் பழக்கம் பழக்கமாக ஒப்பிட்டு எழுதினார்கள். சென்னையில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954இல் தொடங்கியிருந்தது. அதை எழுப்பிய முத்துலட்சுமி ரெட்டி செட்டிநாட்டுக்கு அடுத்த புதுக்கோட்டையில் பிறந்தவர், தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்தவர். அவர் மகன் கிருஷ்ணமூர்த்தியும் அதே மருத்துவமனையின் மருத்துவர் சாந்தாவும் சேர்ந்து வாய்ப்புற்றின் காரணங்கள் பற்றி 1959இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் கேன்சரில் எழுதினார்கள், 1963இல் அதைத் தொடர்ந்தார்கள். 1966இல் ஹிராயாமா என்ற ஜப்பானியர் உலக சுகாதார நிறுவனத்துக்காக ஆசிய நாடுகள் பலவற்றின் நோயாளிகளைச் சேர்த்து ஆராய்ந்தபோது, எத்தனை முறை போடுகிறார் என்பதோடு, சக்கையை வாயில் வைத்துக்கொண்டே தூங்குகிறாரா என்றும் கேட்டார். தூங்குகிறவர்களுக்கு ஆபத்து பல மடங்கு எகிறியது. பல் மருத்துவரான ஃபாலி மேத்தாவும் டென்மார்க்கைச் சேர்ந்த வாய்நோய் வல்லுநர் பின்ட்போர்கும் அவர்கள் குழுவினரும் வீடு வீடாகப் போய் 50,915 கிராமவாசிகளின் வாயைத் திறந்து பார்த்து 1969இல் வெளியிட்டது இந்த வரிசையின் உச்சம். நோயாளி மருத்துவமனைக்கு வரக் காத்திராமல் ஆராய்ச்சியாளர் திண்ணைக்குப் போனார். அதோடு, ஏழைகள் மட்டுமே மிஷன் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள், அதனால் அந்தக் கணக்கே கோணல் என்று சொல்லிவந்தவர்களுக்கும் பதில் கிடைத்துவிட்டது.

இந்தக் கணக்குகள் ஏறக்குறைய ஒரே ஆளை நோக்கிக் கைநீட்டின: புகையிலை. புகையிலை சேர்த்துப் போடுகிறவருக்கும் சேர்க்காமல் போடுகிறவருக்கும் இருந்த வேறுபாடு அப்பட்டமாக இருந்தது. இந்த முடிவில் தவறில்லை. ஆனால் ஒருவர் குற்றவாளி என்று தெரிந்ததும் மற்றவர்களை விசாரிக்காமலே வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். இயன் ஆர் தன் கட்டுரையின் தலைப்பிலேயே பாக்கின் பெயரைத்தான் வைத்திருந்தார். முப்பது ஆண்டுகளில் பாக்கு பின்னுக்குப் போய், புகையிலை வந்து உட்காருகிற மணை என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. இதற்குக் காரணம் இந்தியாவில் பெரும்பாலான நோயாளிகள் இரண்டையும் சேர்த்தே போட்டார்கள் என்பதுதான். பாக்கை மட்டும் போட்டு நோய் வந்தவர்கள் எண்ணிக்கையில் சிறியவர்கள், சிறிய எண்ணிக்கையை வைத்துக் கணக்கு எதையும் உறுதியாகச் சொல்லாது. இங்கேதான் விலங்குச் சோதனை கைகொடுத்திருக்க வேண்டும். நான்கு பொருளையும் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்துப் பார்ப்பது மனிதரிடம் முடியாது, எலியிடம் முடியும்.

அந்த வரலாறு ஜப்பானில் தொடங்குகிறது. 1915இல் யாமகிவாவும் இச்சிகாவாவும் முயலின் காதில் மாதக்கணக்கில் தார் பூசிப் புற்றை உண்டாக்கிக் காட்டினார்கள். புற்றை வேண்டுமென்றே வரவழைக்க முடியும் என்று உலகம் நம்பியது அப்போதுதான். வாய்க்கு ஏற்ற விலங்கு கிடைக்க இன்னும் நாற்பது ஆண்டு ஆயிற்று. அமெரிக்கப் பல் மருத்துவ ஆராய்ச்சியாளர் சாலி 1954இல் சிரியா ஹாம்ஸ்டரைப் பிடித்தார். தானியத்தைச் சேர்த்துவைக்க அதற்குக் கன்னத்தில் ஒரு பை உண்டு, வெளியே இழுத்துப் பார்த்து மருந்து பூசி உள்ளே தள்ளிவிடலாம். தாரோடு உறவுள்ள டிஎம்பிஏ என்ற வேதிப்பொருளை அதில் தொடர்ந்து பூசினால் சில மாதங்களில் புற்று வந்தது. மனிதனின் கொடுப்புக்கு ஒரு மாற்று கிடைத்துவிட்டதாகவே தோன்றியது. சிங்கப்பூரில் மியூரும் கிர்க்கும் அங்குள்ள இந்தியர்களிடையே, பெரும்பாலும் தமிழர்களிடையே, வாய்ப்புற்று மிகுந்திருப்பதைக் கண்டு, தாம்பூலச் சாற்றைச் சுண்டெலியின் காதில் பூசி 1960இல் எழுதினார்கள். நகரத்தாரின் வட்டிக்கடைக் கிட்டங்கிகள் இருந்த அதே ஊர். ஆனால் அந்தச் சோதனை வழக்கை முடித்துவைக்கவில்லை. 1962இல் டன்ஹாமும் ஹெரால்டும் தாம்பூலப் பொருள்களை ஹாம்ஸ்டரின் கன்னப்பையில் வைத்துப் பார்த்துவிட்டு, கட்டி வரவில்லை என்று தலைப்பிலேயே அறிவித்தார்கள். 1966இல் டன்ஹாமும் மியூரும் இன்னொருவரும் சேர்ந்து சுண்ணாம்பை மட்டும் திரும்பத் திரும்ப வைத்தபோது, உயிரணுக்களில் இயல்பு மாறிய தோற்றம் தெரிந்தது, புற்று வரவில்லை. 1967இல் ரெட்டியும் அங்குலியும் பாக்கு, புகையிலை, சுண்ணாம்பு மூன்றையும் கலந்து புற்றை உண்டாக்கியதாக இந்திய மருத்துவச் சங்க இதழில் எழுதினார்கள். 1971இல் சூரி, கோல்டுமேன், வெல்ஸ் மூவரும் பாக்கின் சாற்றை மட்டும், திசுவுக்குள் எளிதாக ஊடுருவுகிற கரைப்பானில் கரைத்து ஹாம்ஸ்டரில் பூசி, கட்டி வந்ததாக நேச்சர் இதழில் அறிவித்தார்கள்.

பாக்கு தனியாகவே குற்றம் செய்யும் என்று 1971லேயே அச்சில் வந்துவிட்டது என்பதை இங்கே நிறுத்திக் கவனிக்க வேண்டும். ஆனாலும் அது ஏன் ஒப்புக்கொள்ளப்படவில்லை? முந்தைய சோதனைகள் தோற்றிருந்தன, கரைப்பான்தான் வேலை செய்ததோ என்ற ஐயம் இருந்தது, பாக்குக்கு எதிரான மனிதக் கணக்கு மெலிந்திருந்தது. ஐயம் அறிவியலில் தேவையானது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தோற்ற சோதனைக்கும் வென்ற சோதனைக்கும் ஒரே எடை கொடுத்தது சரியில்லை. ஹாம்ஸ்டர் வாழ்வதே இரண்டு மூன்று ஆண்டு. மனிதனுக்குக் கொடுப்பில் புற்று வர இருபது முப்பது ஆண்டுப் பழக்கம் தேவைப்படுகிறது. மனிதனின் கொடுப்பில் சக்கை எச்சிலோடு ஊறுகிறது, ஈறு உரசுகிறது, கூரான பல் குத்துகிறது, இரவு முழுக்க அங்கேயே கிடக்கிறது. ஹாம்ஸ்டர் பிடிக்காததைக் காலால் தள்ளித் துப்பிவிடும். இத்தனை வேறுபாடு இருக்கும்போது அதில் புற்று வராதது பெரிதாக ஒன்றையும் காட்டாது, வந்தால்தான் செய்தி. இந்த ஏற்றத்தாழ்வைப் பலர் மனத்தில் கொள்ளவில்லை.

ஹாம்ஸ்டரின் கதைக்குச் செட்டிநாட்டுத் தொடர்பு ஒன்று உண்டு, அதில் ஒரு முரணும் இருக்கிறது. கானாடுகாத்தான் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1929இல் சிதம்பரத்தில் நிறுவிய பல்கலைக்கழகம் பிற்காலத்தில் இந்தக் கன்னப்பைச் சோதனைக்குத் தமிழ்நாட்டில் பெயர்பெற்ற இடமாயிற்று. அவர் மகன் பெயரில் 1980இல் அங்கே பல் மருத்துவக் கல்லூரியும் வந்தது. 1990களின் இறுதியிலிருந்து அதன் உயிர்வேதியியல் துறை டிஎம்பிஏ பூசிய ஹாம்ஸ்டர்களுக்குப் பூண்டு, வேப்பிலை, தக்காளி என்று கொடுத்து, புற்று குறைகிறதா என்று பார்த்து ஏராளமான கட்டுரைகளை வெளியிட்டது. செட்டிநாட்டு அடுப்படியில் கிடைக்கிறதெல்லாம் ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிட்டதைப்போல இருக்கும் அந்தப் பட்டியலைப் பார்த்தால். பயனுள்ள வேலைதான், ஆனால் நம் கேள்விக்கு அது பதில் தராது. டிஎம்பிஏ வெற்றிலைப் பெட்டியில் இல்லை. அது கொடுக்கிற புற்றைப் பூண்டு தடுத்தாலும் பாக்கு கொடுக்கிற புற்றைத் தடுக்கும் என்று அதிலிருந்து சொல்லிவிட முடியாது. விரைவாகவும் தவறாமலும் புற்று வருவதால் ஆய்வுக்கூடத்துக்கு வசதியாக இருக்கிறது என்பதே டிஎம்பிஏவின் பெருமை. எது வசதியாகச் சோதிக்கக் கிடைக்கிறதோ அதைச் சோதித்துக்கொண்டிருக்கிற பழக்கம் ஆராய்ச்சியிலும் உண்டு.

வசதியான சந்தேக நபர் இன்னொருவரும் இருந்தார்: மிளகாய். செட்டிநாட்டுக்கு அவரைப் பற்றிய தீர்ப்பு முக்கியம். 1952இல் ஷ்வார்ட்ஸ் என்பவர் கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களின் வாயில் ஒரு புதுமையான நோயைக் கண்டார். கன்னத்தின் உட்தோல் வெளுத்து, மரப்பட்டைபோல் இறுகி, வாய் திறப்பது நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போனது. அடுத்த ஆண்டு பம்பாயின் ஜோஷி அதைத் தனியாக விவரித்தார். தோலடி நார் இறுக்கம் என்று தமிழில் சொல்லலாம். மூன்று விரலைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் விடமுடிகிறதா என்று இன்றும் பல் மருத்துவர் சோதிக்கிறார். முதலில் மூன்று விரல் போகும், பிறகு இரண்டு, பிறகு ஒரு விரலே சிரமம், கடைசியில் சோற்றுக் கவளம்கூட உள்ளே போகாது. இந்த நோயுள்ள வாயில் பின்னாளில் புற்று வருகிற வாய்ப்பு கூடுதல். சுசுருதர் சொன்ன விதாரி இதுதான் என்று பெருமை பேசுகிறவர்கள் உண்டு, பெயர் வைத்ததைக் காரணம் கண்டதாகக் கொள்ள முடியாது. காரம் சாப்பிடும்போது இந்த நோயாளிகளுக்கு வாய் எரியும். ஆகவே பழி மிளகாய் மேல் விழுந்தது. சிர்சாத்தும் கனோல்கரும் உணவில் முன்கூட்டியே மாற்றம் செய்து வளர்த்த எலிகளின் அண்ணத்தில் மிளகாயின் காரச்சத்தைப் பூசி, நார் இறுக்கத்தைப் போன்ற மாற்றம் வந்ததாக 1960இல் எழுதினார்கள். அதன் பிறகு பாடநூல்களில் மிளகாய் நிரந்தரமாக இடம்பிடித்துவிட்டது.

மிளகாய்தான் காரணமென்றால் காரத்துக்குப் பேர்போன செட்டிநாட்டில், ஆந்திராவில், மெக்சிகோவில் எல்லாம் இந்த நோய் வீதிக்கு வீதி இருக்க வேண்டும். மெக்சிகோவில் மிளகாய் இருக்கிறது, பாக்கு இல்லை, இந்த நோயும் கேள்விப்படாத ஒன்று. தாய்வானில் நம்மைப்போல் காரம் தின்பதில்லை, பாக்கு மெல்லுகிறார்கள், நோயும் இருக்கிறது. 1981இல் லண்டனில் கேனிஃபும் ஹார்வியும் பாக்கின் சாறு திசு உயிரணுக்களை நார்ப்புரதம் கூடுதலாகச் சுரக்கத் தூண்டுவதைக் காட்டியதும் விஷயம் தெளிவாயிற்று. எரிச்சல் நோயின் அறிகுறி, அதைக் காரணமாக எடுத்துக்கொண்டதுதான் பிழை. ஒரு விலங்குச் சோதனை தோற்றதால் பாக்கு தப்பியது, இன்னொரு விலங்குச் சோதனை வென்றதால் மிளகாய் மாட்டிக்கொண்டது. விலங்குச் சோதனை எதையும் நிறுவாது என்று நான் சொல்லவில்லை. நோயின் இடமும் நாடுவாரிக் கணக்கும் சொல்வதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் அதைத் தனியே நம்பினால் இரு பக்கமும் வழி தவறும் என்பதைத்தான் இந்த இரண்டும் காட்டுகின்றன.

பாக்கின் மீதான தீர்ப்பு எவ்வளவு தாமதமானது என்பதற்குத் தேதியோடு சான்று இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1985இல் வெளியிட்ட தொகுப்பில், புகையிலை சேர்ந்த தாம்பூலம் புற்றை உண்டாக்கும் என்பதற்குப் போதிய சான்று உண்டு, புகையிலை சேராததற்குப் போதாது என்றது. அதன் பிறகு தகவல்கள் நாம் எதிர்பாராத இடங்களிலிருந்து வந்தன. பாப்புவா நியூகினியில் தாம்பூலத்தில் புகையிலை சேர்ப்பதில்லை, பாக்கை மென்றுகொண்டே சுண்ணாம்பைக் குச்சியால் எடுத்து வாயோரத்தில் வைத்துக்கொள்வார்கள். அங்கே புற்று அந்த வாயோரத்திலும் கன்னத்திலும்தான் குவிந்திருந்தது என்று தாமஸும் மக்லென்னனும் 1992இல் லான்செட்டில் எழுதினார்கள். நெய்யூர் கொடுப்பைப் பற்றிச் சொன்ன அதே வாதம், எண்பது ஆண்டுக்கு மேல் கழித்து, கடல்கடந்த ஒரு தீவிலிருந்து. தாய்வானில் தாம்பூலத்தில் புகையிலை கிடையாது, அங்கும் 1995இல் கணக்கு அதையே சொன்னது. கடைசியில் அதே முகமை 2004இல் வெளியான 85ஆம் தொகுப்பில் புகையிலையில்லாத தாம்பூலத்தையும், தனியாகப் பாக்கையும், மனிதருக்குப் புற்று உண்டாக்குபவை என்ற முதல் வகையில் சேர்த்தது. சுண்ணாம்பு துணைக்குற்றவாளி. அது வாயைக் காரமயமாக்கி, பாக்கிலுள்ள துவர்ப்புச் சத்துகளைக் காற்றோடு வினைபுரிய வைத்து, உயிரணுவின் மரபுப்பொருளைத் தாக்குகிற துகள்களை வெளியேற்றுகிறது. பாக்கும் சுண்ணாம்பும் சேர்ந்து வாய் சிவப்பதும் இந்தக் காரத்தன்மையால்தான். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைக் கண்ணாடிபோல் மினுக்க வைத்த அதே சுண்ணாம்பு கொடுப்பில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்கிறது.

கடைசியாக ஒரு மறுப்பு இருக்கிறது, மரபின் மறுப்பு. சிலப்பதிகாரத்தில் கண்ணகி கோவலனுக்குச் சாப்பாட்டுக்குப் பின் வெற்றிலையும் பாக்கும் தருகிறாள். இவ்வளவு காலம் போட்ட முன்னோர் என்ன ஆனார்கள்? அவர்களுக்கு வந்ததை எண்ணிவைக்க யாரும் இல்லை என்பது முதல் பதில். போர்த்துக்கீசியர் வழியாகப் புகையிலை வருவதற்கு முன் நம் தாம்பூலத்தில் மிக மோசமான சேர்மானம் இல்லவே இல்லை என்பது இரண்டாவது. பழைய காலத்தில் பலர் புற்று வருகிற வயதை எட்டவேயில்லை என்பது மூன்றாவது. ஆனால் மரபுக்காரர்களிடம் ஒரு நியாயமும் இருக்கிறது, அதை ஆய்வுக்கூடமே ஒப்புக்கொண்டது. 1984இல் டெல்லியில் ராவ் என்ற வேறொரு ஆராய்ச்சியாளர் ஹாம்ஸ்டர்களில் தாம்பூலத்தின் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே சோதித்தபோது வெற்றிலை புற்றைக் கூட்டவில்லை, குறைக்கிற பக்கத்தில்தான் நின்றது. நான்கு பேரில் மருந்தென்று நம் பாட்டிமார் சொன்னவர் மட்டும் குற்றமற்றவர். திருமணத்தில் தட்டில் வைத்துக் கொடுக்கிற தாம்பூலத்தை யாரும் கொடுப்பில் அடக்கிக்கொண்டு இரவு முழுவதும் தூங்குவதில்லை. கணக்குகள் எல்லாம் திரும்பத் திரும்பச் சொன்னது எத்தனை முறை, எவ்வளவு நேரம், எத்தனை ஆண்டு என்பதைத்தான். ஆகவே வெள்ளித் தாம்பாளத்தில் கைமாறுகிற சடங்கும், பெட்டிக்கடையில் சரம்சரமாகத் தொங்குகிற பாக்குப் பொட்டலமும் ஒரே பொருளால் ஆனவை என்றாலும் ஒரே அளவு ஆபத்தானவை அல்ல.

சிகிச்சையின் பக்கமும் இதே நாட்டில்தான் முயற்சிகள் நடந்தன. அடையாறில் சாந்தாவும் கிருஷ்ணமூர்த்தியும் முற்றிய வாய்ப்புற்றுக்குக் கதிர்வீச்சோடு பிளியோமைசின் மருந்தைச் சேர்த்துக் கொடுத்து, கிடைத்த முடிவை 1980இல் வெளியிட்டார்கள். கன்னத்தை அறுத்தெடுப்பது தவிர வேறு வழி தெரியாத 1908ஆம் ஆண்டின் நெய்யூரிலிருந்து அது நெடுந்தூரம். தடுப்பின் பக்கம் அவ்வளவு தூரம் போகவில்லை. 2013இல் தமிழ்நாட்டில் வந்த தடை குட்கா, பான்மசாலா, புகையிலையோ நிகோடினோ கலந்த பிற தின்பண்டங்கள் ஆகியவற்றின் மேல் வந்தது. சட்டத்தின் பார்வை புகையிலையில் இருக்கிறது, அதாவது 1985இன் தீர்ப்பில். 2004இல் முதல் வகைக்கு ஏறிய பாக்கு, வறுத்தும் சீவியும் வாசனையூட்டியும் சின்னப் பொட்டலங்களில் அடைத்து, காரைக்குடிப் பேருந்து நிலையத்தில் மிட்டாய்க்குப் பக்கத்தில் விற்பனைக்கு இருக்கிறது.